நகலும் நாணயமும்

சபுராளி ஒருவர் ஊர் திரும்பினால் அன்று அந்தத் தெருவுக்கே திருநாள். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அவர் சுமந்துவந்த பெட்டி கூடத்தின் நடுவே திறக்கப்படும். அத்தர், கைலி, தஸ்பீஹ் மணி, பிள்ளைகளுக்கு மிட்டாய் என ஒவ்வொன்றாக வெளிவந்தபின், துணிகளுக்கிடையே பத்திரமாகப் பொதியப்பட்ட டேப் ரெக்கார்டர் தலைகாட்டும். அதில் கிராஅத் ஒலிக்கத் தொடங்கியதும் வீட்டார் மெய்ம்மறந்து நிற்பர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை மட்டும் அதன் முகப்பிலுள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திகைக்கும். உலகறிந்த பெயர்தான், ஆனால் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

இத்தகைய திகைப்பு நம் வீடுகள் பலவற்றுக்குப் புதிதன்று. பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோரின் வாழ்வாதாரமாக 1969ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே எழுந்த பர்மா பஜாரிலும், அதனையொத்த ஏனைய ஊர்க் கடைவீதிகளிலும் அசலும் நகலும் ஒரே பலகையில் அருகருகே அமர்ந்திருந்தன. வாங்கியவர் பலர் வேறுபாடு அறியாதவர். விற்றவருள் சிலர் அறிந்தும் சொல்லாதவர். நகல் என்றாலே திருட்டு என்பார் ஒரு சாரார். ஏழைக்கு எட்டும் விலையில் ஒரு பொருள் கிடைத்தால் அதில் குற்றமென்ன என்பார் மறுசாரார். இவ்விரு கூற்றுகளையும் வரலாற்றின் முன்னே நிறுத்திப் பார்ப்பது நம் கடமையாகும். ஏனெனில் இன்று வாங்குவோரில் மட்டுமன்றி, விற்போரிலும் நம்மவர் மிகப் பலர்.

அசலுக்கும் ஒரு மூலம் உண்டு

அசல் என்று நாம் போற்றும் பொருள்களும் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. டிரான்சிஸ்டர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947ஆம் ஆண்டில் பிறந்தது. அதனைக்கொண்டு அமைந்த முதல் வணிக வானொலியாகிய ரீஜென்ஸி 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே விற்பனைக்கு வந்தது. பிற்காலத்தில் ஸோனி என்று பெயர் பெற்ற ஜப்பானியச் சிறு நிறுவனம், டிரான்சிஸ்டரைச் செய்யும் உரிமையை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் 25,000 டாலருக்குப் பெற்றுத் தன் முதல் டிரான்சிஸ்டர் வானொலியை 1955ஆம் ஆண்டில் வெளியிட்டது. அன்றைய நாளில் ஜப்பானியப் பொருள் என்றால் மலிவான போலி என்றே மேலைநாட்டார் ஏளனம் செய்தனர். முப்பது ஆண்டுகள் கழிந்தபோது ஜப்பானின் பெயரையே மற்றவர்கள் போலி செய்தனர். காலச்சக்கரத்தின் சுழற்சி இத்தகையது.

1975ஆம் ஆண்டில் மாஸ் டெக்னாலஜி என்னும் அமெரிக்க நிறுவனம் 6502 என்ற கணிப்பொறிச் சில்லை வெறும் 25 டாலருக்கு விற்க முன்வந்தது. அதனை வகுத்தவர்கள் மோட்டரோலா நிறுவனத்திலிருந்து விலகி வந்த பொறியாளர்கள். அதன் இரட்டைப் பிறவியான 6501, மோட்டரோலாவின் சில்லு பொருந்தும் குழியிலேயே பொருந்துமாறு செய்யப்பட்டிருந்தது. மோட்டரோலா வழக்குத் தொடுத்தது. 6501 கைவிடப்பட்டது; 1976ஆம் ஆண்டில் 2 லட்சம் டாலர் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது. எஞ்சி நின்ற 6502 உலகை ஆண்டது. நாம் சொல்லப்போகும் கதையின் மையத்தில் இருப்பதும் அதுவேயாகும்.

கியோட்டோவின் விளையாட்டுப் பெட்டி

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ 1889ஆம் ஆண்டில் சீட்டுக்கட்டு செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். அது 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டியொன்றை 14,800 யென் விலையில் வெளியிட்டது. 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பது அதன் பெயர். மக்கள் அதனை 'ஃபேமிகாம்' என்று சுருக்கி அழைத்தனர். மஸாயுகி உஎமுரா என்ற பொறியாளரின் தலைமையில் அது உருவாயிற்று. அமெரிக்காவுக்கென மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தையும் சேர்த்து, உலகெங்கும் 6 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாயின.

அதன் மூளையாக இருந்த சில்லு ரிகோ நிறுவனம் செய்தது. அதன் உள்ளே இருந்தது 6502-இன் அமைப்பேயாகும். தசமக் கணக்கிடும் பகுதி மட்டும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அச்சில்லின் மேலுறையை நீக்கிப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், ஒரு சில டிரான்சிஸ்டர்கள் நீங்கலாக மற்றவை 6502-ஐ ஒத்திருப்பதைக் கண்டனர். ஆகவே பின்னாளில் உலகமே நகலெடுத்த அந்த அசலுக்குள்ளும் பிறரது சிந்தனை குடியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

தைவானில் 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட யு.எம்.சி. என்னும் சில்லுத் தொழிற்சாலை, ஃபேமிகாமின் இரு முக்கியச் சில்லுகளுக்கும் ஈடான சில்லுகளைச் செய்து விற்றது. இத்தகைய வேலை நடைபெறும் முறை வியப்புக்குரியது. சில்லின் உறையை அமிலத்தால் கரைத்து, உள்ளிருக்கும் நுண்ணிய அடுக்குகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, கம்பிப் பாதைகளை வரைபடமாக்கி, அது என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாக அறிந்து, மீண்டும் கட்டுவர். களவு என்று ஒருவர் சொல்லலாம். ஆயினும் அறிவில்லாதவன் செய்யக்கூடிய களவன்று. அவ்வாறு செய்யக் கற்ற கைகள் பின்னர் என்ன செய்தன என்பதைப் பின்னே காண்போம்.

நகலெடுத்தோர் ஜப்பானிய வடிவத்தையே தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அமெரிக்க வடிவத்தில், அனுமதி பெறாத விளையாட்டுத் தகடுகளை ஏற்க மறுக்கும் பூட்டுச் சில்லு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஜப்பானியப் பெட்டியில் அப்பூட்டு இல்லை. பூட்டில்லாத வாசலை நாடியே அனைவரும் சென்றனர்.

யானைச் சின்னம்

சோவியத் ஒன்றியம் 1991ஆம் ஆண்டில் கலைந்தபோது, நின்டெண்டோ நிறுவனம் அப்பரந்த நிலத்தில் கடை விரித்திருக்கவில்லை. 1992ஆம் ஆண்டு டிசம்பரில் மாஸ்கோவின் ஸ்டீப்ளர் என்னும் நிறுவனம், தைவானில் செய்வித்த ஃபேமிகாம் நகலை 'டெண்டி' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. விக்டர் ஸவ்யுக் என்பவரின் எண்ணத்தில் உதித்த திட்டம் அது. இவான் மக்ஸிமோவ் என்ற ஓவியர் வரைந்த குட்டி யானை அதன் சின்னமாயிற்று. தொலைக்காட்சியில் அதற்கெனத் தனி நிகழ்ச்சியே நடைபெற்றது. ரஷ்யாவிலும் ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிற நாடுகளிலும், விளையாட்டுப் பெட்டி எதுவாயினும் அதனை 'டெண்டி' என்றே பிள்ளைகள் அழைத்தனர். நின்டெண்டோ என்ற பெயரையே கேட்டிராத ஒரு தலைமுறை, அதன் விளையாட்டுகளை மனப்பாடமாக அறிந்திருந்தது!

டெண்டி தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. தன் பெயரை, தன் யானையைத் தாங்கியே அது கடைக்கு வந்தது. எனினும் அதில் ஓடிய விளையாட்டுகளை இயற்றியோருக்கு ஒரு காசும் சென்றதில்லை. 1994ஆம் ஆண்டில் நின்டெண்டோவும் ஸ்டீப்ளரும் உடன்பாடு செய்துகொண்டன. நின்டெண்டோவின் அடுத்த பெட்டியை முறைப்படி விற்கும் பொறுப்பை ஸ்டீப்ளர் ஏற்றது. நகல் விற்றவரையே தன் முகவராக்கிக்கொண்டது அசல். ஆயினும் 1996ஆம் ஆண்டில் ஸ்டீப்ளர் வீழ்ந்தது. டெண்டியின் கதை முடிந்தது.

சீனத்தில் இதே நகல் வேறு கோலம் பூண்டது. ஜோங்ஷான் நகரின் 'சியாவ்பாவாங்' நிறுவனம், ஃபேமிகாம் நகலோடு ஒரு தட்டச்சுப் பலகையை இணைத்துப் 'படிப்புக் கருவி' என விற்றது. தட்டச்சுப் பயிற்சியும் பேசிக் என்னும் கணிப்பொறி மொழியும் அதில் இருந்தன. கணிப்பொறி வாங்க இயலாத பெற்றோர், பிள்ளை படித்து முன்னுக்கு வரும் என்று நம்பி வாங்கினர். பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடவே செய்தனர். எனினும் கணிப்பொறியின் விசைப்பலகையை முதன்முதலில் அக்கருவியில் தொட்டவர் பலர். அந்நிறுவனத்தை வளர்த்த துவான் யோங்பிங் 1995ஆம் ஆண்டில் அங்கிருந்து விலகி பி.பி.கே. நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நம் ஊர்க் கடைகளில் காணும் ஓப்போ, விவோ கைப்பேசிகளின் வேர் அந்நிறுவனத்தில்தான் உள்ளது.

குவியலின் அடியில்

1990களில் இந்திய வீடுகளுக்கும் இந்நகல்கள் வந்து சேர்ந்தன. பல பெயர்களில், பல நிறங்களில் வந்த அவற்றை 'டி.வி. கேம்' என்ற ஒரே பெயரால் நம் பிள்ளைகள் அழைத்தனர். பெருநாள் காசைச் சேர்த்து வைத்து, மஞ்சள் நிறத் தகடு ஒன்றை வாங்கி வருவர். அதன் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியில் செருகினால், பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சில விளையாட்டுகளே. அவையே பெயர் மாறியும், நிறம் மாறியும், தொடங்கும் கட்டம் மாறியும் திரும்பத் திரும்ப வரும்.

இதனை எண்ணும்போது மதீனாவின் கடைவீதி நம் நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து செல்கையில் அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, வஞ்சிப்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை நாம் அனைவரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம்.

அந்த வணிகர் நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று தடுக்கப்படவில்லை என்பதை உற்று நோக்க வேண்டும். மழை பெய்தது அவர் குற்றமன்று. நனைந்ததை நனைந்தது என்று காட்டி, அதற்குரிய விலைக்கு விற்க வழி இருந்தது. குற்றம் ஈரத்தில் இல்லை, மறைப்பில் இருந்தது. 9999 என்ற அச்சும், ஓர் எழுத்து மாறிய பெயரும், காய்ந்த தானியத்தை மேலே பரப்பிய அதே கையின் வேலையே.

மலைக்கோட்டைக் கைப்பேசிகள்

ஃபேமிகாமின் சில்லை நகலெடுத்த யு.எம்.சி.யிலிருந்து, 1997ஆம் ஆண்டில் ஒரு பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. மீடியாடெக் என்பது அதன் பெயர். 2000களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம், கைப்பேசிக்கு வேண்டிய சில்லையும் அதனை இயக்கும் மென்பொருளையும் சேர்த்து ஒரே கட்டாக விற்றது. அதுவரை பெரும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பொறியாளர்களை வைத்துச் செய்த வேலையை, இப்போது சிறு பட்டறையும் செய்ய முடிந்தது. கைப்பேசி செய்வதற்கு இருந்த உரிம முறையைச் சீன அரசு 2007ஆம் ஆண்டில் நீக்கியதும் அணை உடைந்தது. ஷென்ஜென் நகரின் ஹுவாச்சியாங்பெய் கடைத்தெரு உலகெங்கும் கைப்பேசிகளை அனுப்பியது. 'ஷான்ஜாய்' என்று அவை அழைக்கப்பட்டன. மலைக்கோட்டை என்பது அச்சொல்லின் பொருள். அரசின் கைக்கு எட்டாத மலையில் பதுங்கி வாழ்ந்தோரைக் குறித்த பழஞ்சொல் அது.

அவற்றுள் 'நோக்லா' என்று பெயர் தாங்கி ஏமாற்றியவையும் இருந்தன. ஆனால் பெருநிறுவனங்கள் எண்ணிப் பாராத ஏழை எளியவரின் தேவையை எண்ணிப் பார்த்தவையும் அவையே. இரண்டு சிம் அட்டைகள், தெருவுக்கே கேட்கும் ஒலிபெருக்கி, பல நாள் தாங்கும் பாட்டரி, டார்ச் விளக்கு ஆகியவை அவற்றில் மலிந்திருந்தன. ஊருக்கு ஓர் எண், சபுருக்கு ஓர் எண் என வைத்திருப்போருக்கு இரட்டை சிம் எத்துணை பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. நோக்கியா நிறுவனம் தன் முதல் இரட்டை சிம் கைப்பேசிகளை அறிவித்தது 2010ஆம் ஆண்டில்தான். நகலிடமிருந்து அசல் பாடம் கற்ற தருணம் அது.

மீடியாடெக்கோ இன்று உலகின் மிகப் பெரிய கைப்பேசிச் சில்லு நிறுவனங்களுள் ஒன்றாக, தன் பெயரில், தன் காப்புரிமைகளோடு நிற்கிறது.

ஒரு நள்ளிரவு

இவ்வரலாற்றில் நம் மக்களை நேராகச் சுட்ட நாள் ஒன்று உண்டு. ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. மலிவான சீனக் கைப்பேசிகள் பலவற்றில் அந்த எண் இல்லை. இருந்தாலும் வெறும் சுழிகளாக இருந்தது, அல்லது ஒரே எண் பல கைப்பேசிகளில் இருந்தது. பாதுகாப்பை முன்னிட்டு, முறையான எண்ணில்லாத கைப்பேசிகளின் இணைப்பைத் துண்டிக்குமாறு இந்திய அரசு ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் நள்ளிரவோடு அவை ஊமையாயின. அவற்றின் எண்ணிக்கை 2 கோடிக்கு மேல் என அக்காலச் செய்திகள் மதிப்பிட்டன.

அவற்றை வைத்திருந்தோர் யார்? கூலித் தொழிலாளர், காய்கறி விற்போர், வெளிநாட்டிலுள்ள மகனின் குரலுக்காக மாதச் சீட்டுக் காசில் கைப்பேசி வாங்கிய தாய்மார். அவர்களுள் பெரும்பாலோர் ஐ.எம்.இ.ஐ. என்ற சொல்லையே அறிந்திலர். செய்தவன் ஷென்ஜெனில் சுகமாக இருந்தான். இறக்கியவன் பணம் பார்த்துவிட்டான். விற்றவர் விற்று முடித்துவிட்டார். மறைப்பின் தண்டனை அனைத்தும், எதையும் மறைக்காத வாங்கியவர் தலையில் வீழ்ந்தது. சிறு கட்டணத்துக்கு எண்ணைப் பதித்துத் தரும் ஏற்பாடு செய்யப்பட்டதும் உண்மையே. ஆயினும் அதனை அறியாமல் கைப்பேசியைத் தூக்கி எறிந்தவர் உண்டு.

கைப்பேசியாவது ஊமையானதோடு நின்றது. பெயர் பெற்ற நிறுவனங்களின் முத்திரையோடு வரும் போலிச் சார்ஜரிலும் பாட்டரியிலும், மின்கசிவைத் தடுக்கும் காப்புப் பகுதிகளே விடுபட்டிருப்பதுண்டு. அங்கே மறைப்பின் விலை பணமன்று, உயிராகும்.

நம் அறிஞர்கள் கூறுவது

நகலைப் பற்றிப் பேசும்போது, மூன்று வேறு செயல்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு கருவி இயங்கும் விதத்தைக் கற்று அதைப்போல் செய்வது ஒன்று. பிறர் உழைத்து இயற்றியதை விலை கொடாமல் எடுத்துக்கொள்வது மற்றொன்று. பிறர் பெயரை ஒட்டி வாங்குவோரை ஏமாற்றுவது மூன்றாவது. முதலாவதில் கல்வி உண்டு. எனினும் காப்புரிமை உள்ள காலம்வரை அதன் உரியவருக்குப் பங்கு உண்டு. இரண்டாவதில் உழைத்தவருக்கு அநீதி. மூன்றாவதில் வாங்கியவருக்கும் பெயருக்கு உரியவருக்கும் ஒருங்கே அநீதி.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இப்பொருளை ஆராய்ந்தது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றுக்கு உரியோரின் உரிமைகள் எனவும், ஷரீஅத் அவற்றைப் பாதுகாக்கிறது எனவும், அவற்றில் அத்துமீறுதல் ஆகாது எனவும் முடிவு செய்தது. நாட்டின் சட்டமும் இதனையே சொல்கிறது. போலி வணிகச் சின்னத்தோடு பொருள் விற்போருக்கு, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஆகவே, "போலி என்று சொல்லித்தானே விற்கிறோம்" என்று பிறர் சின்னம் பொறித்த பொருளை விற்பதும் முழு விடுதலை தராது. வாங்குவோரின் உரிமையை அச்சொல் காக்கும். சின்னத்துக்கு உரியவரின் உரிமையைக் காக்காது.

அதே வேளையில் காப்புரிமை என்பது முடிவில்லாத வேலியன்று. 20 ஆண்டுகள் கழிந்ததும் கண்டுபிடிப்பு உலகின் பொதுச் சொத்தாகிவிடும். பெயரை மாற்றிக்கொண்டு, விளையாட்டுகளுக்கு உரிய அனுமதியையும் பெற்று, ஃபேமிகாமைப் போன்றதொரு பெட்டியைச் செய்ய விழைவோர் இன்று எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கற்பதற்கும் செய்வதற்கும் வாசல் திறந்தே உள்ளது.

நம் முன்னோர் இவ்வாசலில் எவ்வாறு நுழைந்தனர்? தியார்பக்கிர் நகரின் அர்துக் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, நீர்க் கடிகாரங்களையும் தானியங்கிக் கருவிகளையும் விளக்கும் தம் நூலை 1206ஆம் ஆண்டில் முடித்தார். தமக்கு முன் வாழ்ந்தோரின் கருவிகளை அவர் ஆராய்ந்தார், அவற்றைப் பின்பற்றினார், குறை கண்ட இடத்தில் திருத்தினார். நீர்க் கடிகாரத்தின் முறையை ஆர்க்கிமிடீஸ் பெயரிலுள்ள நூலிலிருந்து பெற்றதை அவர் மறைக்கவில்லை. பெயர் சொல்லியே எழுதினார். தம் கருவிகளையோ, பிறர் பார்த்துச் செய்யும் வண்ணம் அளவோடும் படத்தோடும் விளக்கி வைத்தார். நகலெடுத்தலும் நாணயமும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று ரிச்சி தெருவிலும், பர்மா பஜாரிலும், சிற்றூர்ப் பேருந்து நிலைய ஓரங்களிலும் நம் இளைஞர் பலர் கைப்பேசிக் கடையும் பழுது நீக்கும் கடையும் நடத்துகின்றனர். சில்லின் உள்ளே புகுந்து குறை காணும் திறம் அவர்களுள் பலரிடம் உண்டு. அத்திறம் தைவானின் பட்டறைகளில் இருந்ததற்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. அதனைக்கொண்டு தம் பெயரில் ஒரு பொருளைச் செய்ய அவர்கள் முனைவார்களாக. அதுவரையிலும், கடைக்கு வரும் தாயிடம் "உம்மா, இது கம்பெனிப் பொருள் அல்ல, வேறு ஆள் செய்தது, இவ்வளவு நாள்தான் உழைக்கும், விலை இது" என்று சொல்லி விற்பார்களாக. அந்த ஒரு சொல்லால் அன்றைய வியாபாரம் சிறிது குறையலாம். ஆனால் நனைந்ததை மேலே வைத்து விற்ற காசில் இருக்கும் பரக்கத், மறைத்து விற்ற காசில் ஒருநாளும் இருப்பதில்லை.